ஒண்ணுமே இல்லாத இடம்

இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அலாஸ்கா மாநிலத்து செனட்டர் ஒருவர் அமெரிக்க செனட்டில் பேசும்போது ஒரு பெரிய வெள்ளை அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் எழுத்து இல்லை, படம் இல்லை, ஒரு கோடு கூட இல்லை. வருஷத்தில் ஒன்பது மாசம் அந்த இடம் இப்படித்தான் இருக்கும், இதற்குப் போய் இவ்வளவு சண்டையா என்பது அவர் கட்சி. 2003-ல் உள்துறை அமைச்சர் கேல் நார்ட்டன் இன்னொரு கமிட்டி முன்னால் கிட்டத்தட்ட அதையே சொன்னார். தட்டை, வெள்ளை, ஒன்றுமில்லை.

எனக்கு இந்த 'ஒண்ணுமில்லை'யைக் கேட்டாலே வயிற்றில் புளி கரைக்கும். வீட்டில் "என்ன விஷயம்?" என்று கேட்டு "ஒண்ணுமில்லை" என்று பதில் வந்தால் ஏதோ பெரிசாக இருக்கிறது என்று அர்த்தம். கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டாம். நிலத்துக்கும் அப்படித்தான். ஒரு இடத்தை வெறும் தரிசு, பொறம்போக்கு என்று யாராவது அடிக்கடி சொல்ல ஆரம்பித்தால், அவர் கையில் டேப் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வெள்ளை அட்டையில் என்னதான் இருந்தது என்று பார்க்கலாம் என்று புத்தகங்கள், வரைபடங்கள், செயற்கைக்கோள் படங்கள் என்று ரொம்ப நாளாக மேய்ந்துகொண்டிருக்கிறேன். நான் அலாஸ்கா போனதில்லை. ஊட்டியிலேயே இரண்டு ஸ்வெட்டர் போடுகிற ஆள். ஆகவே இது மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து செய்த பிரயாணம்.

முதலில் இடம். அலாஸ்கா வட அமெரிக்காவின் இடது மேல் மூலை. 1867-ல் ரஷ்யா இதை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. ஏக்கர் ரெண்டு சென்ட். (செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் கிரவுண்டு தேடி அலையும் என் மச்சினரிடம் இதைச் சொன்னபோது அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.) அந்த மூலைக்குள் இன்னொரு மூலை, வடகிழக்கு. கிழக்கே கனடா எல்லை, வடக்கே பியூஃபோர்ட் கடல், தெற்கே ப்ரூக்ஸ் மலைத்தொடர். 1960-ல் ஐசன்ஹோவர் அரசு இங்கே ஒரு பகுதியை வனவிலங்குகளுக்காக ஒதுக்கியது. 1980-ல் ஜிம்மி கார்ட்டர் அதைப் பெரிசாக்கிக் கையெழுத்துப் போட்டார். இப்போது ஆர்க்டிக் தேசிய வனவிலங்கு சரணாலயத்தின் அளவு 1 கோடியே 90 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை அத்தனைக்கும் இல்லை. கடலோரமாக இருக்கும் 15 லட்சம் ஏக்கர் சமவெளிக்குத்தான். சட்டத்தில் 1002-ஆவது பிரிவு அதைப் பற்றிப் பேசுவதால் அதற்குப் பேரே 'டென்-ஓ-டூ'. அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? இங்கே எண்ணெய் இருக்கலாம், எடுக்கலாமா கூடாதா என்பதை காங்கிரஸ் பிற்பாடு தீர்மானிக்கும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது நம்ம ஊர் கமிட்டிகளுக்கு மட்டும் சொந்தமான வாக்கியம் இல்லை என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சமவெளியின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். அகலம் சராசரியாக 40 தான். இந்த 40-ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். மேற்கே ப்ரூடோ வளைகுடாப் பக்கம் போனால் மலை உள்ளே விலகிப் போய் சமவெளி அகண்டு விரிகிறது. இங்கே மட்டும் மலை கடலை எட்டிப் பார்க்கிற மாதிரி நெருங்கி வருகிறது. மலை என்றால் குன்று இல்லை. ப்ரூக்ஸ் மலைகளில் உயரமான இஸ்டோ சிகரம் 2,735 மீட்டர், நம் தொட்டபெட்டாவை விட நூறு மீட்டர் உசத்தி. நடுச் சமவெளியில் நின்றால் ஒரு பக்கம் பனிமலை, மறுபக்கம் பனிக்கடல். நடுவே மரமே கிடையாது. வில்லோ என்று ஒரு செடி உண்டு. வேறு ஊரில் அது மரம். இங்கே தரையோடு தரையாகப் படர்ந்து கணுக்கால் உயரத்தில் வாழ்க்கையை முடித்துக்கொள்கிறது. அந்தக் காற்றில் நிமிர்ந்தால் போச்சு.

இந்த நிலத்தை முதலில் ஒழுங்காகப் படித்தவர் எர்னஸ்ட் லெஃபிங்வெல். அவர் இங்கே வந்து சேர்ந்த கதையே வேடிக்கை. 1906-ல் டென்மார்க்காரர் மிக்கெல்சனோடு சேர்ந்து அவர் கிளம்பியது, பியூஃபோர்ட் கடலுக்கு நடுவில் கண்டுபிடிக்கப்படாத ஒரு பெரிய நிலம் இருக்கிறது என்ற நம்பிக்கையில். 1907-ல் நாய் வண்டியில் உறைந்த கடல் மேல் போனார்கள். அங்கங்கே பனியில் ஓட்டை போட்டு ஆழம் பார்த்தார்கள். நிலத்தைக் காணோம், கடல்தான் ஆழமாகிக்கொண்டே போயிற்று. திரும்பி வந்தால், வந்த கப்பலைப் பனிக்கட்டி பதம் பார்த்துவிட்டது. மிக்கெல்சன் ஊர் திரும்பினார். லெஃபிங்வெல் உடைந்த கப்பலின் பலகைகளை வைத்து ஃப்ளாக்ஸ்மன் தீவில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். மொத்தம் ஒன்பது கோடை, ஆறு குளிர்காலம். சுமார் 7,200 கிலோமீட்டர் நாய் வண்டியிலும் சின்னப் படகிலும். பெரும்பாலும் சொந்தப் பணம். இல்லாத நிலத்தைத் தேடிப் போனவர், ஒண்ணுமில்லாத நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்.

அவர் கண்டதில் முக்கியமானது தரைக்கு அடியில் இருந்தது. இந்தச் சமவெளியை விமானத்திலிருந்து பார்த்தால் எவரும் நம் டெல்டா என்று ஏமாந்துபோவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரப்பு, வரப்புக்குள் தண்ணீர், பக்கத்தில் இன்னொரு பாத்தி. ஒவ்வொன்றும் பத்து முதல் முப்பது மீட்டர் அகலம், ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்று கோணங்கள். யார் உழுதது? யாரும் இல்லை. குளிர்தான்.

கோடையில் வறண்ட வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குளிர்காலத்தில் அது நடக்கிறது. உறைந்த மண் மேலும் குளிரும்போது சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் பனி உருகின தண்ணீர் அந்த வெடிப்புக்குள் ஓடி, அடி மண்ணின் குளிரில் உடனே உறைகிறது. நூல் கனம்தான். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி வெடிப்பு, மறுபடி நூல் கனம். இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வருஷங்கள். கடைசியில் ஆப்பு அடித்த மாதிரி மீட்டர் கணக்கில் அகலமான பனிக்கட்டி மண்ணுக்குள் நிற்கிறது. அது பக்கத்து மண்ணை நெருக்கி மேலே தள்ளுகிறது. அதுதான் வரப்பு. இந்த ஆப்புகள் எப்படி உருவாகின்றன என்பதை லெஃபிங்வெல் தன் 1919 அறிக்கையில் அப்போதே சரியாக எழுதிவிட்டார்.

கீழே எவ்வளவு ஆழம் உறைந்திருக்கிறது? வடக்குக் கரையில் சில இடங்களில் 600 மீட்டருக்கும் மேல். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தைத் தலைகீழாக ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினொன்று புதைத்தால் வரும் ஆழம். கோடையில் மேலே ஒரு முழம், ஒன்றரை முழம்தான் இளகும். அந்த ஒரு முழத்தில்தான் அத்தனை புல்லும் பூவும் பாசியும் இரண்டு மாசத்தில் பிறந்து, பூத்து, விதைத்து முடித்துக்கொள்ள வேண்டும். நம் பத்தாம் வகுப்பு விடுமுறை பிள்ளைகளுக்கு இருப்பதை விட அவசரம்.

இதில் ஒரு முரண். இங்கே வருஷத்துக்குப் பெய்கிற மழையும் பனியும் சேர்த்து சுமார் 15 செ.மீ. தான். கணக்குப்படி பாலைவனம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அது இந்த ஊருக்கு மூன்று வருஷ மழை. இருந்தும் கோடையில் எங்கே கால் வைத்தாலும் சொதசொத. காரணம், தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. அடியில் பனித்தளம். வெயிலும் சாய்வாக அடிப்பதால் ஆவியாகவும் மாட்டேன் என்கிறது. விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் பஞ்சுப்புல் குமிழ் குமிழாக வளர்கிறது. நடந்தவர்கள் சொல்வது, குமிழ் மேல் கால் வைத்தால் சாயும், குமிழுக்கு நடுவில் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், மூன்றாவது வழி கிடையாது.

மலையிலிருந்து கடலுக்கு ஓடும் ஆறுகள் பல. கானிங், சாட்லரோசிட், ஒக்பிலாக், ஜாகோ. நடுவில் ஹுலாஹுலா! எனக்கு முதலில் அச்சுப்பிழை என்று தோன்றியது. இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திமிங்கல வேட்டைக் கப்பல்களில் வேலைக்கு வந்த ஹவாய்த் தீவுக்காரர்கள் தங்கள் ஊர் நடனத்தின் பேரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தென்னை மரத்தடியிலிருந்து துருவத்துக்கு வந்து நடுங்கினவர்களுக்கு என்ன ஏக்கமோ.

இந்த ஆறுகளின் விசேஷம், ஜூலையிலும் சில இடங்களில் ஆற்றின் மேல் பனிக்கட்டி பாளமாகக் கிடக்கும். குளிர்காலத்தில் ஆறு உறைந்துபோனாலும் ஊற்றுத் தண்ணீர் நிற்காது. அடியிலிருந்து முட்டி, வெடிப்பு வழியாக மேலே வந்து, மேலேயே உறைந்து, அதன் மேல் இன்னொரு அடுக்கு, இன்னொரு அடுக்கு. கோடையே முடியப் போகும், இது கரைந்து முடியாது. இந்தப் பனிப்பாளம் யாருக்கு உபயோகம்? அதுதான் கதையின் முக்கிய இடம்.

கொசு. கூவம் கரையில் குடியிருப்பவன் என்ற தகுதியில் கொசுவைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன். ஆர்க்டிக் கொசு பற்றிப் படித்தபிறகு அந்த உரிமையை ராஜினாமா செய்துவிட்டேன். அத்தனை பாத்தியிலும் தேங்கிய தண்ணீர். ஜூன் கடைசியில் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிந்து புகை மாதிரி கிளம்பும். கூடவே மூக்குத் துவாரத்தில் குஞ்சு பொரித்த புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும் ஒரு ஈ. அங்கே பிறந்து மூணு வாரம் ஆன காரிபூ மான் குட்டிகள் லட்சக்கணக்கான கொசுவுக்கு நடுவில் நிற்கின்றன.

காரிபூ நம் கிறிஸ்துமஸ் தாத்தா வண்டி மானின் சொந்தக்காரன், காட்டுப் பிறவி. இந்தப் பக்கம் வரும் மந்தைக்குப் பேர் 'முள்ளம்பன்றி' மந்தை. போர்க்குபைன் என்ற ஆற்றைக் கடந்து வருவதால். 2017-ல் எண்ணியபோது 2,18,000 மான்கள். குளிர்காலத்தில் மலைக்குத் தெற்கே அலாஸ்காவிலும் கனடாவின் யூக்கானிலும் சிதறிக் கிடக்கும். வசந்தத்தில் கர்ப்பிணிகள் முதலில் கிளம்பும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், பனிமலை, வெள்ளம் ஓடும் ஆறு எல்லாம் தாண்டி வடக்கே கடலோரத்துக்கு. ஜூன் முதல் வார வாக்கில் ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில் பிரசவம். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், ஒரு நாளில் ஓடும்.

ஏன் இவ்வளவு தூரம் வந்து இங்கே? ஒன்று, ஓநாயும் கழுகும் மலையடிவாரத்தில் அதிகம், வெட்டவெளியான சமவெளியில் கம்மி. அப்புறம், பனி விலகியதும் பஞ்சுப்புல்லின் மொட்டு. பால் சுரக்கிற தாய்க்கு அது சத்து. மூன்றாவதாகக் கொசு கிளம்பும்போது கடல் காற்று. காற்று இல்லாத நாளில் ஆற்றுப் பனிப்பாளத்தின் மேல் ஏறி நெருக்கியடித்து நின்றுகொள்ளும், அந்தக் குளிரில் கொசு வராது. பிரசவ ஆஸ்பத்திரி, கேன்டீன், கொசுவலை மூன்றும் 40 கிலோமீட்டர் அகலத்துக்குள். பனி தாமதமாக உருகி, இந்தச் சமவெளி வரை வரமுடியாமல் வழியில் யூக்கானிலேயே குட்டி போட நேர்ந்த வருஷங்களில் பிழைக்கும் குட்டிகள் குறைவு என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள்.

இங்கேதான் எண்ணெய்க் கட்சிக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். ப்ரூடோ வளைகுடாவில் 1968-ல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 1977-லிருந்து 1,287 கிலோமீட்டர் குழாயில் அது தெற்கே ஓடுகிறது. அங்கேயும் ஒரு காரிபூ மந்தை இருக்கிறது. எழுபதுகளில் சுமார் 5,000 இருந்தது 2010-ல் 70,000 ஆகவில்லையா? ஆனது. பிறகு பாதிக்குக் கீழே இறங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் குழாயைக் கண்டதும் மந்தையே செத்து விழவில்லை என்பது நிஜம். என்ன வித்தியாசம் என்றால், அங்கே குட்டியோடு இருக்கும் தாய்கள் சாலையையும் குழாயையும் கண்டு சில கிலோமீட்டர் ஒதுங்கின. ஒதுங்க இடம் இருந்தது. இங்கே ஒதுங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓநாய். மந்தையும் பெரிசு, கூடமும் சின்னது.

மலைக்குத் தெற்கே க்விச்சின் என்ற பழங்குடி மக்களின் ஊர்கள். இந்த மானைச் சாப்பிட்டு, இந்தத் தோலை உடுத்தி வாழ்ந்தவர்கள். 1988-ல் அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து ஆர்க்டிக் வில்லேஜ் என்ற கிராமத்தில் கூடி, கடலோரச் சமவெளியில் எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று ஒரே குரலில் தீர்மானித்தார்கள். அவர்கள் பாஷையில் அந்தச் சமவெளிக்குப் பேர் 'உயிர் தொடங்கும் புனித இடம்'. எனக்குப் பிடித்த விஷயம், க்விச்சின் மக்கள் வழக்கப்படி அங்கே போவதே இல்லை. வேட்டைக்குக் கூட. பிரசவ அறைக்குள் யாராவது போவார்களா?

இத்தோடு நிறுத்தினால் கதை சுலபம். நல்லவர் இந்தப் பக்கம், வில்லன் அந்தப் பக்கம். ஆனால் அந்தச் சமவெளியின் ஓரத்திலேயே ஒரு ஊர் இருக்கிறது. பார்ட்டர் தீவில் காக்டோவிக். 2020 ஜனத்தொகைக் கணக்கில் 283 பேர், பெரும்பாலும் இனுபியாட் மக்கள். நவம்பர் கடைசியில் மறையும் சூரியனை ஜனவரி நடுவில்தான் மறுபடி பார்ப்பார்கள். திமிங்கலம் பிடித்து ஊருக்கே பங்கு வைப்பவர்கள். 1947-ல் அமெரிக்க விமானப்படைக்கு ஓடுபாதை வேண்டும் என்று ஊரையே பெயர்த்துத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் இன்னும் இரண்டு தடவை. சரணாலயம் என்று கோடு போட்டபோதும் இவர்களைக் கேட்டுப் போடவில்லை.

இவர்களில் நிறையப் பேர், ஊர்த் தலைமை உள்பட, எண்ணெய் எடுக்கட்டும் என்கிறார்கள். பணத்தாசை என்று தள்ளிவிட முடியாது. அலாஸ்காக் கிராமங்களில் கழிப்பறைக்குப் பதில் ஒரு பக்கெட் இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'தேன் வாளி' என்று பேர். பேர் வைத்தவன் மகா குறும்புக்காரன். மைனஸ் 30-ல் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வரவேண்டும். காக்டோவிக்கில் குழாய்த் தண்ணீரும் ஃப்ளஷ் டாய்லெட்டும் வந்தது ப்ரூடோ எண்ணெய் கொடுத்த வரிப் பணத்தில். 'எங்களுக்கும் மான் வேண்டும், டாய்லெட்டும் வேண்டும், இரண்டையும் அனுபவிக்கிற நீங்கள் எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள்' என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதே ஊரில் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்த்தான் இந்தக் கட்டுரைக்குப் பேப்பர் வாங்கினேன். எனக்கு மானின் பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆனால் காக்டோவிக்காரர் எதிரே உட்கார்ந்து கேட்டால் தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

சரி, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது? 1998-ல் அமெரிக்க நிலவியல் துறை போட்ட மதிப்பீடு, பக்கத்து நிலங்களையும் சேர்த்து 570 கோடியிலிருந்து 1,600 கோடி பீப்பாய் வரை, நடுவாக 1,040 கோடி. தலை சுற்றும். உலகம் ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 10 கோடி பீப்பாய் என்று வகுத்துப் பாருங்கள், மூன்றரை மாசம். தலை சுற்றுவது நிற்கும். அதுவும் மதிப்பீடுதான். நிஜமாகத் தோண்டிப் பார்த்தது ஒரே ஒரு கிணறு. 1985, 86-ல் இனுபியாட் கார்ப்பரேஷன் நிலத்தில் நாலு கிலோமீட்டருக்கு மேல் துளைத்தார்கள். என்ன கிடைத்தது என்பது முப்பது வருஷத்துக்கு மேல் பரம ரகசியம். 2019-ல் நியூயார்க் டைம்ஸ் ஒரு பழைய வழக்கின் விவரங்களைத் தோண்டியெடுத்து, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லையாம் என்று எழுதியது. எண்ணெயைத் தோண்டுவதை விடச் செய்தியைத் தோண்டுவதற்கு அதிக நாள் பிடித்திருக்கிறது.

அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களில் பூமிக்குள் அதிர்வு அனுப்பிப் படம் பிடிக்கக் கனமான வண்டிகள் சமவெளி முழுக்கக் கோடு கோடாக ஓடின. கனத்த பனி மேல்தானே ஓட்டுகிறோம், என்ன ஆகிவிடும் என்றார்கள். 25 வருஷம் கழித்தும் சில தடங்கள் ஆகாயத்திலிருந்து தெரிந்தன. மேல் பாசி நசுங்கினால் வெயில் உள்ளே இறங்குகிறது. ஆப்புப் பனிக்கட்டி உருகுகிறது, தரை உட்கார்கிறது, தண்ணீர் தேங்குகிறது, மேலும் உருகுகிறது. வண்டி போய்விட்டது, தடம் தானே வளர்கிறது. லெஃபிங்வெல் எழுதியதை யாராவது படித்திருக்கலாம். (பாவம் அவர். சாட்லரோசிட் மணற்கல் என்று ஒரு பாறைக்குப் பேர் வைத்ததும் அவர்தான். ப்ரூடோவில் பின்னால் எண்ணெய் அகப்பட்டது அதே பாறை வகையில். 96 வயசு வரை இருந்ததால் அந்தச் செய்தியும் அவர் காலத்திலேயே வந்தது.)

இப்போது வெள்ளை அட்டைக்கு வருகிறேன். அதற்குப் பதில் சொன்னவர் ஒரு இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. சுபாங்கர் பானர்ஜி, மேற்கு வங்காளத்துக்காரர். எஞ்சினீயரிங் படித்து, அமெரிக்கா போய், போயிங் கம்பெனியில் வேலை. அதை விட்டுவிட்டு, சேமிப்பைக் கரைத்து, காமிராவோடு இந்தச் சரணாலயத்துக்குப் போனார். 2001, 2002-ல் பதினாலு மாசம், எல்லாப் பருவத்திலும். அவர் அப்பா அம்மா போனில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று என்னால் வங்காளம் தெரியாமலேயே யூகிக்க முடிகிறது. காக்டோவிக்கின் இனுபியாட் வழிகாட்டி ஒருவரோடு கானிங் ஆற்று முகத்துவாரத்தில், பனிக்கரடி வளைக்குப் பக்கத்தில், 29 நாள் கூடாரத்தில் இருந்திருக்கிறார். அதில் நாலு நாள்தான் காற்று ஓய்ந்திருந்ததாம். குளிர் மைனஸ் நாற்பது வாக்கில். மைனஸ் நாற்பதில் ஒரு சௌகரியம், ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று யாரும் கேட்கவேண்டாம், இரண்டும் ஒன்றே.

2003 மார்ச் 19. ஈராக் யுத்தம் தொடங்கிய அதே நாள். செனட்டில் பார்பரா பாக்ஸர் என்ற உறுப்பினர் பானர்ஜி எடுத்த பனிக்கரடிப் படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒண்ணுமில்லை என்கிறீர்களே, இதைப் பாருங்கள் என்று. ஓட்டெடுப்பில் எண்ணெய்க் கட்சி 48-க்கு 52 என்று தோற்றது. படம்தான் ஜெயிக்க வைத்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நடந்தது சுவாரஸ்யம். ஸ்மித்ஸோனியன் மியூஸியத்தில் வைக்கவிருந்த அவர் படக் கண்காட்சியைக் கீழ்த்தள நடைவழிக்கு மாற்றினார்கள், படங்களுக்கு அடியில் இருந்த வாசகங்களை வெட்டினார்கள். வெறும் வெள்ளை நிலத்துக்கு எவ்வளவு பயம் பாருங்கள்.

கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் கூட்டமாக வரும் சில உள்ளான் பறவைகள் முட்டையிடுவது இதே மாதிரித் தூந்திரச் சதுப்பில், ஆனால் சைபீரியாவில். அலாஸ்காச் சமவெளியின் பறவைகள் அர்ஜென்டினா, கிழக்கு ஆசியா என்று வேறு திசைகளில் போகின்றன. யாருமே இல்லாத இடத்துக்கு இத்தனை ஊரில் உறவு.

2017-ல் சட்டம் மாறியது. ஏலம் விடுங்கள் என்று உத்தரவு. 2021 ஜனவரி 6-ல் முதல் ஏலம். வாஷிங்டனில் கும்பல் பாராளுமன்றத்துக்குள் புகுந்த அதே நாள், அதனால் யாரும் கவனிக்கவில்லை. பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்று கூட வரவில்லை. வந்த மொத்தப் பணம் 1 கோடியே 44 லட்சம் டாலர். அதிலும் பெரும்பங்கு கேட்டது அலாஸ்கா அரசின் கார்ப்பரேஷனே. தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொண்ட மாதிரி. மற்ற இரண்டு சின்னக் கம்பெனிகளும் 2022-ல் வேண்டாம் என்று ஒதுங்கின. 2023-ல் பைடன் அரசு மிச்சத்தை ரத்து செய்தது. 2025 ஜனவரியில் இரண்டாவது ஏலம், ஒரு ஆள் கூட வரவில்லை. மார்ச்சில், அந்த ரத்து செல்லாது என்றார் நீதிபதி. ஜூலையில் பத்து வருஷத்துக்குள் இன்னும் நாலு ஏலம் என்று ஒரு சட்டம். அக்டோபரில் டிரம்ப் அரசு மொத்தச் சமவெளியையும் குத்தகைக்குத் திறந்துவிட்டது.

இதையெல்லாம் மச்சினரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021 ஏலத்தில் குறைந்தபட்சக் கேள்வி ஏக்கர் 25 டாலர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத்தான், அப்ப கிரவுண்டு என்ன ஆச்சு?"

கணக்குப் போட்டேன். "ஒரு டாலர் முப்பத்தெட்டு சென்ட். ஆனா குத்தகைதான், சொந்தமில்லை."

"ரோடு?"

"கிடையாது."

"தண்ணி வசதி?"

"நிலமே தண்ணிதான். உறைஞ்சிருக்கு."

"அக்கம்பக்கம் ஆளுங்க?"

"ஜூன்ல லட்சக்கணக்குல குடும்பத்தோட வருவாங்க. குழந்தை பெத்துக்கிட்டு ஜூலை மாசம் கிளம்பிடுவாங்க. வருஷா வருஷம், அதே இடத்துக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அட்வான்ஸ் குடுப்பாங்களா?"